நாலாம் தூணும் ஒரு ஓலைத்துண்டும்

நான் ஓய்வுபெற்றபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. பிரியாவிடைக் கூட்டம் இல்லை, மாலை இல்லை, வரிசையாக நின்று எடுத்த படமும் இல்லை. பொருளாதாரத் தடையில் சீமெந்து வருவது நின்றது. மண்ணெண்ணெய் போத்தல் அளவில் வந்தது. தண்ணீர் இறைக்கும் மிஷின்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டன. கிணற்றுக்குள் சுரங்கம் வெட்ட ஒப்பந்தம் எழுதுங்கள் என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. அப்படி ஒருவரும் வராத மூன்றாவது மாதத்தில், நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று எனக்கு நானே அறிவித்தேன். எதிர்ப்பு எதுவும் வரவில்லை.

இப்போது ஊர் முழுக்க நிலத்தைக் கிண்டுகிறார்கள். குண்டுக்கு ஒளிக்க வீட்டுக்கு வீடு பங்கர். ஆனால் பங்கருக்கு யார் ஒப்பந்தம் எழுதுகிறார்கள்?

போன கிழமை ஊர்ச் சங்கத்திலிருந்து இரண்டு பொடியன்கள் வந்தார்கள். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருக்கும் சனத்துக்குத் தண்ணீர் போதவில்லையாம். பழைய கிணறுகளைத் திருத்தப் போகிறார்களாம். என்னுடைய பழைய ஒப்பந்தப் படிவம் இருந்தால் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். வாசித்துக்கொண்டே போனவர்கள் இரண்டு இடத்தில் சிரித்தார்கள்.

“அண்ணை, உதென்ன? ‘அளவாளர் இரு பகுதியாரிடமும் உண்ணவோ பருகவோ கூடாது.’ கிணத்து வேலையோ, கந்தசட்டி விரதமோ?”

“இது அதைவிடப் பகிடி. ‘கல்லின் தரத்துக்குக் கையெழுத்திட்டவர், வேலை தொடர முன்னர் அதன் அடியில் அரை நாள் தனியே இருத்தல் வேண்டும்.’ ஏன், அடைகாக்கவோ?”

நானும் ஒரு காலத்தில் இதே இரண்டு இடத்தில்தான் சிரித்தேன், இவர்களைவிடச் சத்தமாக. ஆகவே கோபிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த இரண்டு வரிக்கும் காரணம் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அது.

எட்டாம் வகுப்பில் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மனஸ்தாபம் வந்தது. அதற்குப் பிறகு சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிந்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு கலவரத்துக்குத் தப்பித் தெற்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சனத்தோடு தில்லையம்பலம் ஓவசியரும் வந்து சேர்ந்தார். மலைநாட்டில் மின்சாரத்துக்காக மலையைக் குடைந்த இடத்தில் நெடுங்காலம் வேலையையும் ஒப்பந்தங்களையும் மேற்பார்த்தவர். வீடு வாசல் எல்லாம் போய், அவர் கையில் மிஞ்சியிருந்தது ஒரு சின்னச் சுத்தியலும் மூன்று பென்சிலும் ஒரு கட்டுப் படிவமும்தான்.

“ஐயா, எங்கடை பக்கத்திலை மலையெண்டால் கோயில் தேர்முட்டிதான் இருக்கு. நீங்கள் இஞ்சை எதைக் குடையப் போறியள்?” என்று கேட்டேன்.

“கிணத்தை,” என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

விசயம் உண்மைதான். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறி நிற்கும். அதற்குக் கீழே கடல். கிணறு வற்றுகிறதே என்று ஆசைப்பட்டு இன்னும் ஆழமாக வெட்டினால் உப்புத் தண்ணீர் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கிணற்றில் புகையிலையும் நடமுடியாது, முகமும் கழுவமுடியாது. கீழே போகாமல் பக்கவாட்டில் போகவேண்டும். கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, கிணற்றுச் சுவரில் ஆள் குந்தியிருக்கும் உயரத்துக்குச் சுரங்கம் வெட்டிக்கொண்டு போனால், கல்லுக்குள் ஓடும் நல்ல ஊற்று எங்கேயாவது அகப்படும். எத்தனை முழத்தில் அகப்படும், வழியில் என்ன கல் வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் வெடிமருந்தும் கிடையாது. அலவாங்கும் சம்மட்டியும்தான்.

ஓவசியருடைய படிவத்தின் முதலாவது வரியே எங்கள் ஆட்களைக் குழப்பியது. “பூமிக்குள் என்ன இருக்கிறதென்று தமக்குத் தெரியாது என்பதை இரு பகுதியாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.” எங்கள் சண்டிலிப்பாயிலேயே ஒருவர் பேனையை மேசையில் எறிந்தார்.

“என்ரை அப்பர் உழுத காணி. அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாதோ?”

“தெரிஞ்சால் சொல்லுங்கோ, எழுதுவம்,” என்று ஓவசியர் பென்சிலைக் கூராக்கினார்.

மனுசன் அரை மணித்தியாலம் யோசித்தார். “கல்லுத்தான்,” என்றார் கடைசியில். பிறகு கையெழுத்து வைத்தார்.

மலையில் கல்லை ஐந்தாகத் தரம் பிரித்திருந்தார்கள். ஓவசியர் எங்களுக்கு மூன்றாகக் குறைத்தார். யாழ்ப்பாணத்துக்கு எது வந்தாலும் இரண்டு குறைத்துத்தானே வரும் என்றேன் நான். அதற்கும் சிரிக்கவில்லை. சுத்தியலால் தட்டினால் மணிபோலச் சத்தம் வருவது ஒண்டாம் கல். அதற்குத் தூண் தேவையில்லை. சத்தம் மழுங்கி, வெடிப்பு ஓடியிருப்பது இரண்டாம் கல். அங்கே ஒவ்வொரு முழத்துக்கும் வேலையை நிறுத்திப் பார்க்கவேண்டும். நகத்தால் சுரண்ட மாவாக உதிரும் மக்கி மூன்றாம் கல். மூன்றாம் கல் வந்தால் வேலை நிற்கும். காணிக்காரர் வைரம் பாய்ந்த பனை தறித்துத் தூணும் சட்டமும் தரவேண்டும். அது வரும்வரை வெட்டுகாரர் உள்ளே போகத் தேவையில்லை. எது எந்தக் கல் என்று சொல்வது அளவாளர், அதாவது நான். நான் சொல்வதற்கு ஓவசியர் வந்து ஒப்பமிடுவார். ஆறு மாதத்தில் பழகினேன் என்று அவர் சொல்வார். மூன்று மாதம் என்று நான் சொல்வேன்.

ஓவசியர் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிணற்றுக்குள் இறங்கும்போதும் வெள்ளைச் சேட்டுத்தான். யாரோடும் குரலை உயர்த்தமாட்டார். நான் போய் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி: “கண்டனீரோ, கேட்டனீரோ?” மணியண்ணை சொன்னார் என்றால் அதைப் புத்தகத்தில் எழுதமாட்டார். கண்டேன் என்றால் எழுதுவார், எழுதிவிட்டுத் தானும் போய்ப் பார்ப்பார். மத்தியானம் எந்த வீட்டிலும் கை நனைக்கமாட்டார். எங்கள் பகுதியில் கிணறு வெட்ட வந்தவர்களுக்கு வீட்டுக்காரர்தான் சாப்பாடு போடுவது. வெட்டுகாரர் எல்லோரும் விறாந்தையில் வரிசையாக இருந்து சாப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலியோரம் நிற்கும் பூவரச மரத்தடியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பேக்கரிப் பாண் தின்போம். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் நான் மட்டும் தின்பேன். இரண்டு பகுதியாரிலும் ஒரு பகுதியாரும் இல்லாத ஆளாக இருப்பது எவ்வளவு பெரிய வெறுமை என்று படிவத்தில் எழுதியிருக்கவில்லை.

அச்சுவேலி வேலை தொடங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. காணிக்காரர் செல்லத்துரை அண்ணை. வெங்காயம் வைப்பவர், கோபக்காரர், நல்ல உழைப்பாளி. மனைவி பரமேஸ்வரி அக்கா. வெட்டுவதற்கு அரியாலையிலிருந்து மணியண்ணையும் அவருடைய ஆட்களும். சுரங்கம் வடக்குப் பக்கமாகப் பன்னிரண்டு முழம் என்று எழுதினோம்.

முதல் நாள் மத்தியானம் நான் மரத்தடியில் பாணைப் பிரித்தபோது பரமேஸ்வரி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

“தம்பி, உந்தக் காய்ஞ்ச பாணைக் காகமும் தின்னாது. வந்து சாப்பிடுமன்.”

“சாப்பிட்டால் ஓவசியர் என்னைக் கிணத்துக்குள்ளை போட்டு மூடுவார் அக்கா.”

“அந்த மனுசன் இண்டைக்கு வரேல்லைத்தானே?”

வரவில்லை. இன்னொரு ஊரில் வேலையாக நின்றார். அங்கே நாலு நாள் நின்றார். நாலு நாளும் நான் சாப்பிட்டேன். விறாந்தையில் இல்லை, குசினி வாசலில், ஒருவரும் காணாமல். அக்கா ஒவ்வொரு நாளும் என்னைக் கதைக்க வைத்துச் சிரித்தார். நான் ஓவசியரைப் போல நடித்துக் காட்டினேன். அந்த நாலு நாளும் நான் அந்த வீட்டு ஆளாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை சுரங்கம் ஒன்பதாவது முழத்தில் நின்றது. மணியண்ணை மேலே ஏறி வந்து கையைத் தட்டினார்.

“மேல் கல்லு எனக்குப் பிடிக்கேல்லை ராசன். இறங்கிப் பாரும்.”

இறங்கிப் போனேன். அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினேன். மணிச் சத்தமும் இல்லை, மழுங்கலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம் வந்தது. ஈரமாக இருந்தால் எந்தக் கல்லும் கொஞ்சம் வரும் என்று எனக்கு நானே சொன்னேன்.

மேலே செல்லத்துரை அண்ணை கிணற்றுக்கட்டில் கைவைத்துக் குனிந்து நின்றார்.

“என்னவாம் கல்லு?”

“மூண்டாம் கல்லெண்டால் பனை வரவேணும்,” என்றார் மணியண்ணை அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. “என்ரை பொடியளைச் சும்மா அனுப்பமாட்டன்.”

“பனையோ? என்னட்டை வைரம் பாய்ஞ்ச பனை மூண்டுதான் நிக்குது. மூண்டும் எல்லையிலை நிக்குது. அதைத் தறிச்சால் அங்காலைக் காணிக்காரன் அடுத்த முறை வேலி அடைக்கேக்கை எங்கை அடைப்பான் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் ஒருவர் காணி எங்கே முடிகிறது என்பதற்கு காணி உறுதிப் பத்திரத்தைவிடப் பனைதான் சாட்சி. குசினி வாசலில் அக்கா நின்றார். என்னைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான்.

“ஒண்டாம் கல்,” என்றேன். எழுதினேன். கையெழுத்து வைத்தேன்.

மணியண்ணை புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். “சரி. கையெழுத்து வைச்ச நீர் போய் அடியிலை இரும். மத்தியானத்துக்குப் பிறகு என்ரை ஆக்கள் இறங்குவினம்.”

அடியில் இருப்பது எனக்குப் புதிதில்லை. அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு தரம் இருந்திருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டு. அன்றைக்கும் முதல் கால் மணித்தியாலம் எனக்கு நானே பகிடி சொன்னேன். சிரிக்க ஆளில்லாத இடத்தில் பகிடி எவ்வளவு கெதியாகச் செத்துப்போகிறது! சுரங்கத்தின் வாயில் ஒரு துண்டு வெளிச்சம். மேலே கப்பி கிறீச்சிடும் சத்தம். அதுவும் நின்றபிறகு என்னுடைய மூச்சு மட்டும். குந்தியிருந்த காலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

பிறகு சேட்டுக் கழுத்துக்குள் ஏதோ விழுந்தது. கை விட்டு எடுத்துப் பார்த்தேன். அரிசிமணி அளவு மக்கி. பொறுத்துப் பொறுத்து இன்னொன்று. அதுவும் ஒரு பெரிய அத்தாட்சி இல்லை. எந்தச் சுரங்கத்திலும் இரண்டு மணி உதிரும். எழுந்து தட்டினேன். காலையில் கேட்ட அதே சத்தம். அதே நடுச்சத்தம். காலையில் அதற்கு ஒண்டாம் கல் என்று பெயர் வைத்தவன் நான். மரத்தடியில் பாண் தின்றவனாக இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பேன்? அதை யோசித்துப் பார்த்தேன். விடை தெரியவில்லை. கல்லைப் பற்றித் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. அதுதான் முதலாம் வரி. ஆனால் என்னைப் பற்றியே எனக்குத் தெரியவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அந்த இடத்தில் மணியண்ணை குந்தியிருப்பார்.

அரை நாள் முடிய முதலே மேலே ஏறினேன்.

“என்ன, பயந்திட்டீரோ?” என்றார் மணியண்ணை. அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். பயந்தவனை இரண்டு நாள் பகிடி பண்ணிவிட்டு மறந்துவிடுவார்கள்.

“இல்லை அண்ணை. நான் நாலு நாளாய் இந்த வீட்டிலை சாப்பிட்டனான்,” என்றேன். பென்சிலை எடுத்து என்னுடைய கையெழுத்தை வெட்டினேன்.

செல்லத்துரை அண்ணைதான் முதலில் திரும்பி மனைவியைப் பார்த்தார். அக்கா குசினி வாசலில் கோப்பையோடு நின்றார். எனக்காகப் போட்ட சோறு என்று நினைக்கிறேன்.

“விலை வைச்சோ தம்பி நான் உமக்குச் சோறு போட்டனான்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் ஓவசியர் சைக்கிளில் வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அவர் கையை உயர்த்திவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

“சாப்பிட்டனீரோ?”

“ஓம் ஐயா.”

“என்ன கறி?”

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். இல்லை, பென்சிலை எடுத்துவிட்டார். மீன்குழம்பும் முருங்கையிலை வறையும் என்றேன். குறிப்புப் பகுதியில் எழுதினார்: “அளவாளர் காணிக்காரர் வீட்டில் நான்கு வேளை உண்டுள்ளார். மீன்குழம்பு, முருங்கையிலை வறை.” கீழே என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு வெள்ளைச் சேட்டோடு கிணற்றுக்குள் இறங்கினார். தட்டும் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. நீண்ட நேரம் தட்டினார். ஏறிவந்து கையைத் துடைத்தார்.

“எனக்கும் தெரியேல்லை,” என்றார். “தெரியாட்டி மூண்டாம் கல். பனையைத் தறியுங்கோ.”

செல்லத்துரை அண்ணை தறித்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர், சொல் மாறமாட்டார். ஆனால் மூன்று பனையும் விழுந்து முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பனையில் நாலு தூணும், தூணுக்கு மேல் சட்டங்களும் வந்தன. மூன்று தூணை ஆப்பு வைத்து இறுக்கினார்கள். நாலாவதை, நான் குந்தியிருந்த அதே இடத்தில் நிறுத்தி, இறுக்காமல் விட்டார்கள். அது ஓவசியருடைய வழக்கம். தூணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு காய்ந்த பனையோலைத்துண்டு போய்வரும் இடைவெளி. ஓலை போகும்வரைக்கும் மேற்கல் அசையவில்லை என்று அர்த்தம். போகாவிட்டால் கல் இறங்கித் தூணில் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சாட்சித் தூண் என்பார்.

பதினோராம் முழத்தில் ஊற்று அகப்பட்டது. நல்ல தண்ணீர், இளநீர் மாதிரி. அடுத்த கோடையில் அங்காலைக்காரர் வேலியை ஒரு முழம் இங்காலை தள்ளி அடைத்தார்.

ஒவ்வொரு கோடையும் நான் போய் ஓலையை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கோடையும் ஓலை போய்வந்தது. செல்லத்துரை அண்ணை கிணற்றுக்கட்டில் நின்றபடி கேட்பார்:

“போகுதோ?”

“போகுது அண்ணை.”

“அப்ப என்ரை பனை மூண்டும் கிணத்துக்குள்ளை நிண்டு வேடிக்கை பாக்குது. என்ன?”

சந்தைத் தேத்தண்ணிக் கடையிலும் என்னைக் கண்டால், “உவர்தான் மீன்குழம்பும் திண்டு, என்ரை மூண்டு பனையையும் திண்டவர்,” என்பார். கடை சிரிக்கும். நானும் சிரிப்பேன். அக்கா தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் குடித்திருக்கமாட்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு மிடறு குடிக்கவில்லை. வெட்டுகாரரும் என் முன்னால் கதையைக் குறைத்துக்கொண்டார்கள். உவருக்குச் சொன்னால் எழுதிப்போடுவார் என்றார்கள். கிணறுகள் கூடின, கதைக்க ஆட்கள் குறைந்தார்கள்.

மணியண்ணை தொண்ணூறாம் ஆண்டு குடும்பத்தோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார். ஓவசியர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மகளிடம் வெளிநாடு போனார். போகும்போது சுத்தியலை என்னிடம் தந்தார். பென்சில்களைத் தரவில்லை. ஒரு கடிதம் வந்தது. அதில் அங்கே குளிர் என்று மட்டும் இருந்தது. செல்லத்துரை அண்ணை போன வருடம் வருத்தம் வந்து, பாயில் கிடந்து காலமானார். செத்தவீட்டுக்குப் போய் வேலியோரம் நின்றுவிட்டு வந்தேன்.

பொடியன்கள் வந்துபோனதற்கு அடுத்த நாள், படிவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், எழுதாமல் சைக்கிளை எடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு இரண்டு கோடை அந்தக் கிணற்றைப் பார்க்கவில்லை. பரமேஸ்வரி அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வீட்டில் அவர் மட்டும்.

“இறங்கிப் பாக்கட்டோ அக்கா?”

“நீர் ஓய்வு எடுத்திட்டீர் எண்டு கேள்விப்பட்டன்.”

“ஓம்.”

“ஓய்வெடுத்தால் கண் தெரியாதோ? இறங்கும்.”

தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. லாம்புக்கு எண்ணெய் இல்லை. தேங்காயெண்ணெயில் திரி போட்ட ஒரு சின்னப் போத்தல் விளக்கோடு உள்ளே போனேன். தூண்கள் கறுத்து, இரும்புபோல நின்றன. மடியிலிருந்த ஓலையை எடுத்து நாலாம் தூணின் மேல் வைத்துத் தள்ளினேன். போகவில்லை. மடங்கியது. நிமிர்த்தி மற்றப் பக்கத்தால் விட்டேன். போகவில்லை. தூணின் தலையில் கை வைத்துப் பார்த்தேன். கல் அதன்மேல் அமர்ந்திருந்தது. சட்டத்தின் நடுவில் மயிரளவு ஒரு வெடிப்பு.

எவ்வளவு காலமாக அப்படித் தாங்கிக்கொண்டு நிற்கிறதோ தெரியாது. “கண்டனீரோ, கேட்டனீரோ?” என்று கேட்க ஒருவரும் இல்லை. கண்டேன் என்று இருட்டுக்குச் சொன்னேன்.

மேலே ஏறியபோது அக்கா கிணற்றுக்கட்டில் கைவைத்து நின்றார், அண்ணை நிற்கும் அதே இடத்தில்.

“போகுதோ?”

“போகேல்லை அக்கா.”

அவர் எல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்று அடிக்கட்டைகளும் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம், அங்காலைக்காரர் காணிக்குள் நிற்கின்றன.

“மனுசன் இருந்திருக்க வேணும்,” என்றார். பிறகு, “நீர் இப்ப ஒருத்தற்றை பக்கமும் இல்லைத்தானே. சாப்பிடலாம்தானே?”

அதற்குள் நான் சைக்கிள் பையிலிருந்த பழைய புத்தகத்தை எடுத்து எழுதியிருந்தேன். நாலாம் தூண்: ஓலை போகவில்லை. மூன்றாம் கல். காணிக்காரர் ஒப்பமிடும் இடமும் வெட்டுகாரர் ஒப்பமிடும் இடமும் ஓவசியர் ஒப்பமிடும் இடமும் வெறுமையாக இருந்தன. என்னுடைய இடத்தில் மட்டும் கையெழுத்து வைத்தேன்.

“கையெழுத்து வைச்சிட்டன் அக்கா,” என்றேன். “கீழை கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்.”

“விசர்ப் பொடியா, அங்கை ஆர் இப்ப வெட்டப் போகினம்?”

நான் கயிற்றைப் பிடித்துவிட்டேன். பாதி இறங்கியபோது மேலேயிருந்து குரல் வந்தது.

“அப்ப சோத்தை மூடி வைக்கிறன்.”